‘வேணும்’ என்று சொன்ன கடற்கரை

1544-ஆம் ஆண்டு. முத்துக்குளித்துறையில் தன்னோடு ஊழியம் செய்துகொண்டிருந்த பிரான்சிஸ்கோ மான்சிலாஸ் என்ற தோழருக்குப் பிரான்சிஸ் சவேரியார் கடிதத்தில் ஒரு திருத்தம் எழுதி அனுப்புகிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும்போது இதுவரை ‘வேணும்’ என்று வந்த இடத்தில் இனிமேல் ‘விசுவாசம்’ என்ற சொல் வர வேண்டும் என்பதே அந்தத் திருத்தம். ‘நம்புகிறேன்’ என்று ஜனங்கள் சொல்ல வேண்டிய இடத்தில், மாதக்கணக்காக ‘வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காலையும் மாலையும் மணியடித்துக் கூட்டிய பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்து, வீட்டுக்குப் போய் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தப்பு எப்படி வந்தது என்பதற்குச் சவேரியாரின் கடிதங்களிலேயே விடை இருக்கிறது. 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. தமிழும் கொஞ்சம் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களை உட்காரவைத்து, பல நாள் பாடுபட்டு, செபங்களை மொழிபெயர்த்து, அதை எழுத்தெண்ணி மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியோடு தெருவில் இறங்கினார். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்தவர், பொருள் பிசகிய இடத்தைத் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. யாரோ உள்ளூர்க்காரர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவர் பெயர் கடிதத்தில் இல்லை.

தூத்துக்குடியிலும் மணப்பாட்டிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் சவேரியாரின் கதை தெரியாத கத்தோலிக்க வீடு கிடையாது. மணப்பாட்டுக் குகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகாத பெற்றோரும் குறைவு. ஆனால் இந்த ‘வேணும்’ கதையை எத்தனை வீட்டில் சொல்லியிருப்பார்கள்? அற்புதங்களைச் சொல்கிறோம், பிழையைத் திருத்திய கடிதத்தை விட்டுவிடுகிறோம். குழந்தைக்குச் சொல்வதற்கு இரண்டாவது கதைதான் அதிக பலம் உள்ளது என்று இந்தக் கட்டுரை வாதாடப்போகிறது.

விசுவாசக் குடும்பங்களுக்கென்று ஊக்கமூட்டும் உண்மைக் கதைகளைத் தொகுத்து விற்கும் புத்தகங்கள் இன்று எல்லாச் சமயக் கடைகளிலும் கிடைக்கின்றன. பெரும்பாலானவை வெளிநாட்டு மனிதர்களைப் பற்றியவை, ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவை. படிக்க வேண்டியவைதாம், குறையில்லை. ஆனால் தமிழ்க் கடற்கரையில் ஒரு குடும்பம் தன் பிள்ளையை மடியில் வைத்துச் சொல்லவேண்டிய உண்மைக் கதைகள் கைக்கெட்டும் தூரத்தில் மணலுக்குள் கிடக்கின்றன. அவற்றை முழுசாகச் சொல்ல வேண்டும். நெருடுகிற பகுதியை வெட்டிவிட்டு மீதியைச் சொன்னால், பிள்ளை பதினாறு வயதில் அந்த வெட்டுப்பட்ட பகுதியை வேறெங்கோ படித்துத் தெரிந்துகொள்ளும். அன்றைக்கு வீட்டில் கேட்ட கதை எல்லாவற்றின் மேலும் சந்தேகம் விழும்.

முதல் நெருடலே தொடக்கத்தில் இருக்கிறது. பரதவர் சமூகம் கிறிஸ்தவத்தைத் தழுவியது சவேரியார் வருவதற்கு முன்பே நடந்தது. 1530-களில் முத்துப் பார்களின் மேல் யாருக்கு உரிமை என்பதில் கடும் போட்டி. குளிப்பவர்கள் பரதவர், குத்தகையும் வாணிபமும் செல்வாக்கும் பெருமளவு முஸ்லிம் வணிகர் கையில், கரையை ஆண்ட அரசர்களோ தங்களுக்குள் சண்டையில். தூத்துக்குடியில் மூண்ட ஒரு தகராறு கலவரமாகி, பரதவர் பக்கம் உயிர்ச்சேதம் மிகுந்தது. அந்த நெருக்கடியில்தான் ஜான் டி குரூஸ் என்ற குதிரை வணிகர் வழிகாட்ட, பரதவர் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். 1536-37 வாக்கில் சுமார் 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பாதுகாப்பு வேண்டித்தான் ஒரு சமூகம் மதம் மாறியது என்பதை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. ‘வேணும்’ என்ற சொல் அந்தத் தலைமுறைக்கு ஒருவகையில் பொருத்தமாகவே இருந்தது. அவர்களுக்குக் காவல் வேணும், கடல் வேணும், கௌரவம் வேணும். அந்த ‘வேணும்’ எப்படி ‘விசுவசிக்கிறேன்’ ஆயிற்று என்பதுதான் அடுத்த நானூற்றுச் சொச்சம் ஆண்டின் கதை.

இதைச் சொல்லும்போது இன்னொரு கவனமும் வேண்டும். புன்னைக்காயலுக்குத் தெற்கே சற்றுத் தள்ளிக் காயல்பட்டினம். பள்ளிவாசல்களும் பழைய கல்வெட்டுகளும் புலவர் மரபும் நிறைந்த, இதே முத்தால் வளர்ந்த ஊர். 1530-களின் சண்டையை மதச்சண்டையாக மட்டும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் அது பொய்யாகும். சண்டை முத்துக்காக, குத்தகைக்காக, துறைமுக வரிக்காக நடந்தது. அரசியல் லாபத்துக்காக அதை இன்று வேறு நிறத்தில் தீட்ட ஆள் இருக்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் முந்திக்கொண்டு சரியாகச் சொல்லிவிடுவது நல்லது.

சவேரியாரைப் பற்றிய கதைகளில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், 1544 ஜூன் மாதத்து நடையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வடக்கேயிருந்து வந்த வடுகப் படைகள் குமரிமுனைப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தன. ஜனங்கள் உயிர் பிழைக்கக் கடலுக்குள் இருந்த பாறைகளுக்கு ஓடினார்கள். சோறில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, ஆனி வெயில். செய்தி மணப்பாட்டுக்கு வந்ததும் சவேரியார் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். காற்று எதிர்த்தது. கச்சானும் வாடையும் தெரிந்த கடலோடிகளுக்கு அந்தக் காலத்தில் தெற்கே துடுப்புப் போடுவது என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. நாள் போய்க்கொண்டே இருந்தது, தோணி நகரவில்லை. திரும்பி வந்து, கரைவழியாக நடந்தே குமரிமுனைக்குப் போனார். வழியில் பட்டங்கட்டிகளிடம் ஏழைகளுக்காக உதவி திரட்டச் சொல்லி எழுதினார். தப்பி வந்தவர்கள் நின்ற கோலத்தை அவர் எழுதியிருப்பதைப் படித்தால், இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும்: பட்டினியில் சிலர், கிழடுகள், நடுவழியில் இறந்தவர்கள், பாதையிலேயே பிள்ளை பெற்ற பெண்கள்.

இந்தக் கதையில் அற்புதம் எதுவும் நடக்கவில்லை. காற்று அடங்கவில்லை. தோணிகள் போய்ச் சேரவில்லை. ஒரு மனிதர் நடந்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2017-இல் ஒகி புயலையும் பார்த்த கரையில், காற்று எதிர்த்தபோது என்ன செய்தார்கள் என்ற கதை எந்தப் பிள்ளைக்கும் விளக்கம் இல்லாமலே விளங்கும்.

அதே சவேரியார், பிள்ளைகள் தம் வீட்டாரின் பழைய தெய்வ உருவங்களை உடைத்ததை மகிழ்ச்சியோடு எழுதியவரும்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கும் நம் பிள்ளை, ‘அது சரியா?’ என்று கேட்கும். ‘சரியில்லை’ என்று சொல்லிவிட்டு, அவர் நடந்த நடையையும் சொல்ல முடியும். இரண்டும் ஒரே மனிதர் செய்தவை.

அந்த நடைக்கு ஐந்து வருஷம் கழித்து, 1549-இல், மண்டபம் பக்கத்து வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியப் பாதிரியார் கொல்லப்பட்டார். வயது முப்பதைத் தொடவில்லை. ஊரைத் தாக்க ஒரு படை வந்தபோது கப்பலில் ஏறித் தப்பியிருக்கலாம். பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிவிட்டுக் கரையில் நின்றார். இயேசு சபையின் முதல் ரத்தசாட்சி என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடத் தகுந்தவர்தான். ஆனால் படை ஏன் வந்தது? வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியத் தளபதி ராமேசுவரம் போகும் பாதையில் அகழி வெட்டி, யாத்திரை போகிற இந்து பக்தர்களிடம் சுங்கம் வசூலித்தான். காலங்காலமாக நடந்துபோன பாதையில் சாமி கும்பிடப் போகிறவனிடம் காசு கேட்டால் என்ன நடக்கும்? கிரிமினாலி அந்த அகழியை வெட்டவில்லை. அதற்கான விலையை அவர் கொடுத்தார். இந்தப் பாதியைச் சேர்த்துச் சொன்னால் அவருடைய சாவு சிறுக்கவில்லை; இன்னும் கனக்கிறது.

அவர் இறந்த பிறகு, கரையிலிருந்த பாதிரியார்கள் கூடித் தங்கள் தலைவராக ஒரு நோஞ்சான் மனிதரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்தான் அன்றிக் அடிகளார்.

என்ரிக்கே என்ரிக்கஸ் என்பது அவர் பெயர். அக்காலத் தமிழ் அச்சில் ‘அண்டிறிக்கி’ என்று வரும். 1520-இல் போர்த்துக்கலின் வில விசோசாவில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யூதர்கள். அந்த ஒரே காரணத்தால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற வேண்டிவந்தது. அப்போது புதிதாகத் தோன்றியிருந்த இயேசு சபை அவரைச் சேர்த்துக்கொண்டது. 1546-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார்; 1600-இல் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கரையின் உப்புக்காற்றில் கழிந்தது அவர் வாழ்க்கை. இங்கே அவர் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த 1593-ஆம் ஆண்டில், யூத வம்சத்தாரை இனிச் சேர்ப்பதில்லை என்று இயேசு சபையும் தீர்மானம் போட்டது. எழுபத்து மூன்று வயதுக் கிழவர், தன் சபையின் தீர்மானப்படி, மறுபடி விண்ணப்பித்தால் உள்ளே வர முடியாதவர். சாதியால் கோயிலில் தனித்தனி இடம் ஒதுக்கிய வரலாறு தமிழ்க் கிறிஸ்தவத்துக்கும் உண்டு. பிறப்பைக் காட்டி ஒதுக்கப்பட்ட ஒருவர்தான் தமிழ் அச்சுக்கு முன்னோடி என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வது அவசியம்.

தமிழைக் கற்றுக்கொள்ள அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. கரையிலிருந்த பாதிரியார்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேசவேண்டும் என்று விதித்துக்கொண்டார்கள். வாய் தவறிப் போர்த்துக்கீசியம் வந்துவிட்டால் தண்டனை உண்டு. வெறும் நாலைந்து வெள்ளைக்காரர்கள், யாரும் கேட்காத இடத்தில், ஒருவரோடொருவர் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசிக்கொண்டிருந்த காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அதன் விளைவாக, துபாஷி இல்லாமலே பிரசங்கம் செய்யும் நிலைக்கு அன்றிக் அடிகளார் வந்தார். தமிழுக்கு ஐரோப்பியர் எழுதியவற்றில் நமக்குக் கிடைத்த முதல் இலக்கணம் அவருடையது; கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நூலகத்தில் இருக்கிறது. பரதவர் வாயில் புழங்கிய தமிழை அவர் கேட்டபடியே எழுதிவைத்தார். அந்த வகையில், பதினாறாம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அது ஒரு ஒலிப்பதிவு மாதிரி. வி.எஸ். ராஜம், ஜீன் ஹைன் இருவரும் செய்த அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013-இல் ஹார்வர்டு வெளியீடாக வந்தது.

புன்னைக்காயலில் ஜனங்களின் காணிக்கையைக் கொண்டு ஒரு மருத்துவமனை ஏற்படுத்தினார். 1553-இல் அந்த ஊர் தாக்கப்பட்டபோது சிறைப்பட்டார். 1560-இல் போர்த்துக்கீசிய ஆளுநரின் உத்தரவில் பல பரதவக் குடும்பங்கள் மன்னாருக்குப் பெயர்க்கப்பட்டபோது அவரும் போனார். பிறகு திரும்பி வந்தார். இவ்வளவும் ஒரு வரியில் கடந்துபோகிற விஷயமில்லை என்றாலும், அவர் செய்தவற்றில் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது புத்தகம்தான்.

1578 அக்டோபர் 20. கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம். இந்திய மொழி ஒன்றில், அதன் சொந்த எழுத்தில், இந்தியாவிலேயே அச்சான முதல் நூல் இது. அதற்கு 24 ஆண்டுகள் முன்பு, 1554-இல், லிஸ்பனில் ஒரு தமிழ்ச் செபப் புத்தகம் வந்திருந்தது. அங்கே போயிருந்த தமிழ்க் கிறிஸ்தவர் மூவர் அதில் உழைத்தார்கள். ஆனால் அது ரோமன் எழுத்தில் இருந்தது. ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் வந்தது. அச்செழுத்துகளை ஜோவான் கொன்சால்வஸ் கோவாவிலும், ஜோவான் தெ பாரியா கொல்லத்திலும் வார்த்தார்கள். கொல்லத்துப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து இயேசு சபையில் சேர்ந்த பேரோ லூயிஸ் அன்றிக் அடிகளாருக்கு மொழியில் துணை நின்றவர். செலவுக்கான பணம் யாருடையது? பரதவர் திரட்டிக் கொடுத்தது. மன்னன் கஜானாவிலிருந்து வந்திருந்தால் அது வேறு வகையான வரலாறு. முத்துக் குளித்தவர்களின் காசில் தமிழ் அச்சு தொடங்கியது என்பதைக் கடற்கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் சுவரில் எழுதிவைக்கலாம்.

முத்துக் குளிப்பு என்றால் என்ன என்பதை இன்றைய தலைமுறை பார்த்ததில்லை. தூத்துக்குடியில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961-இல். காலில் கல்லைக் கட்டி, இடுப்பில் கயிறோடு, ஒரே மூச்சில் பத்துப் பாகம் ஆழம்வரை இறங்கி, பையில் சிப்பியை வாரிக்கொண்டு மேலே வர வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன் பெரும்பாலும் உறவுக்காரன். உயிர் அவன் கையில். சுறாவுக்குப் பயந்து மந்திரம் போடுபவர்களை வைத்திருந்தார்கள். பிடித்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனதாக மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். இப்படி மூச்சைப் பணயம் வைத்துச் சம்பாதித்த பணத்தில் பங்கு பிரித்து, எழுத்து வார்க்கக் கொடுத்தார்கள். அந்தத் தலைமுறையில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்?

அடுத்த ஆண்டே கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. பின்பு 1586-இல் அன்றிக் அடிகளாரின் பெரிய நூல்: ‘அடியார் வரலாறு’. புன்னைக்காயலில் அச்சேறியதாகவே ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள். அறுநூறு பக்கத்துக்கு மேல். திருநாள் வரிசைப்படி அடியார்களின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்வது. ஐரோப்பாவில் ‘ஃப்ளோஸ் சாங்தோரும்’ என்ற பெயரில் வழங்கிய நூல் வகையைப் பின்பற்றியது.

விசுவாசக் குடும்பங்களுக்கான ஊக்கக் கதைத் தொகுப்பு என்ற வகை தமிழில் அச்சேறி ஏறத்தாழ 440 ஆண்டு ஆகிறது என்று பொருள். படிக்கத் தெரிந்த உபதேசியாரோ கணக்கப்பிள்ளையோ சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பதற்காக எழுதப்பட்ட நடை அது. செந்தமிழ்ப் புலவரின் நடையாக இல்லாமல், கரைப்பேச்சுக்கு நெருங்கி நிற்கிறது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஏகார வேறுபாடு கிடையாது. அதெல்லாம் பிற்காலத்தில் சீர்பட்டவை. ஆகவே அந்தப் பக்கத்தை வாசிக்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும்.

அந்த நூலிலும் இன்றைய கண்ணுக்கு நெருடுபவை உண்டு. பல கதைகள் வரலாறு ஆகா; ஐரோப்பிய மத்திய காலத்தின் புனைவுகள். ஆனாலும் வேற்று நாட்டு மனிதர்களின் வாழ்க்கையைத் தமிழ் மீனவக் குடும்பத்துக்குப் புரியும்படி உரைநடையில் சொல்வது எப்படி என்ற கேள்வியை முதலில் எதிர்கொண்டவர் அவர்தான். சந்தியாகு, செவஸ்தியான், ஸ்தேவான் என்று நம் வீடுகளில் இன்றைக்கும் கூப்பிடும் பெயர்கள், இப்படித் தமிழ் நாக்குக்கு வசப்பட்ட தலைமுறையிலிருந்து வந்தவை.

அந்த நூல் தமிழ்நாட்டில் தங்கவில்லை. பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. ராசமாணிக்கம் அடிகளார் அதைப் பதிப்பித்து, 1967-இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாக வெளியிட்டார். ‘தம்பிரான் வணக்க’மோ ஹார்வர்டில் இருக்கிறது. முத்தும் அப்படித்தான் போயிற்று. ஆனால் முத்துக்கு விலை கொடுத்தார்கள்.

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை. கோயில்கள் கிடங்குகளாயின. பாதிரியார்கள் துரத்தப்பட்டார்கள். புரொட்டஸ்டன்ட் போதகர் பல்தேயுஸ் அந்த ஆண்டே வந்து பரதவரைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்தார். நகர்ந்தபாடில்லை. வியாபாரத்தில் டச்சுக்காரரோடு ஒத்துப்போனவர்கள், பூசை காண ஊருக்கு வெளியே நடந்தார்கள். இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1536-இல் பாதுகாப்புக்காக மாறியவர்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும் இவர்கள். பாதுகாப்பு மட்டுமே வேண்டியிருந்தால், 1658-இல் இன்னொரு முறை மாறியிருக்கலாம். புதிய எசமானரின் மதத்துக்குப் போனால் லாபம்தான். போகவில்லை. சவேரியார் செபத்தில் திருத்திய அந்தச் சொல்லை இந்தக் குடும்பங்கள் வாழ்க்கையில் திருத்திக்கொண்ட காலம் அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. பாதிரியார் இல்லாத அந்த ஆண்டுகளில் பிள்ளைகளுக்குச் செபமாலையும் பிரமாணமும் சொல்லிக்கொடுத்தது வீட்டுப் பெண்களாகத்தான் இருக்க வேண்டும். எந்த ஆவணமும் அவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. வீட்டில் பாட்டி இருக்கும்போதே அவருடைய பாட்டி பெயரைக் கேட்டு எழுதிவைத்தால், இந்தக் குறை கொஞ்சம் தீரும்.

அந்த டச்சுக் காலத்தில்தான் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற கொங்கணிக் குருவானவர் தூத்துக்குடிக்கு வந்தார். இலங்கையில் கத்தோலிக்கருக்குக் குருக்கள் இல்லை. குருக்கள் உள்ளே போனால் தண்டனை. 1687-இல் அவர் பிச்சைக்காரரைப்போல் வேடமிட்டு, ஜான் என்ற துணைவனோடு, தூத்துக்குடியிலிருந்து கப்பலேறினார். புயலில் அலைக்கழிந்து, நோயில் விழுந்து, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து, தெருவில் பிச்சை எடுத்தபடியே விசுவாசிகளின் வீடுகளை அடையாளம் கண்டுபிடித்தார். பின்னாளில் கண்டிக்குப் போய் ஒற்றன் என்று சிறைப்பட்டார். கடைசியில் புத்த சமயத்து மன்னனின் ஆதரவு பெற்று அங்கேயே ஊழியம் செய்து 1711-இல் இறந்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கத்தோலிக்கரை ஒடுக்கியவர்கள் கிறிஸ்தவர்கள், அடைக்கலம் தந்தவர் புத்த மன்னர் என்ற விஷயம் இந்தக் கதையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

பெரியவர்கள் பலர் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: இவ்வளவு சிக்கலையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்ல முடியுமா? நியாயமான கேள்வி. ஐந்து வயதில் நடையைச் சொல்லலாம், பத்து வயதில் அகழியைச் சொல்லலாம், பதினைந்தில் 1593 தீர்மானத்தைச் சொல்லலாம். மொத்தத்தையும் ஒரே இரவில் கொட்ட யாரும் கேட்கவில்லை. முதலில் சொன்னதைப் பிற்பாடு மாற்றிச் சொல்லும் நிலை வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குருவானவர்களும் புனிதர்களும் மட்டுமே கதைக்குரியவர்கள் என்ற பழக்கத்தையும் விட வேண்டும். தூத்துக்குடியின் நடுவில் சிலையாக நிற்கும் ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து எந்தக் கோயில் பீடத்திலும் ஏற்றப்பட்டவர் அல்லர். 1869-இல் பிறந்த பரதவர், நகராட்சித் தலைவர். கடல் மணக்கும் ஊரில் குடிக்க ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு ஜனங்கள் தவித்த காலம் அது. வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாய் வழியாக ஊருக்குக் கொண்டுவரும் திட்டத்தை 1920-களில் விடாப்பிடியாக நிறைவேற்றினார். அந்தத் தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் போயிற்று: பனிமய மாதா கோயில் தெருவுக்கும், சிவன் கோயில் தெருவுக்கும், பள்ளிவாசல் தெருவுக்கும். மதம் பார்த்துத் திறந்த குழாய் ஒன்றுகூட இல்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இவருக்கு ஒரு நாள் ஒதுக்கினால் என்ன?

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26-இல் பனிமய மாதா கோயிலில் கொடியேறும். ஆகஸ்டு 5 வரை நவநாள், மறையுரை, சப்பரம். வெளியூர்களிலிருந்தும், மும்பையிலிருந்தும், வளைகுடாவிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து சேருவார்கள். இந்துக்களும் மாதாவுக்கு மாலை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். அந்தப் பதினொரு நாள் மாலைகளில், ஒலிபெருக்கியில் பாட்டுக்கு இடைவெளி விடும் கால் மணி நேரத்தில், ‘அடியார் வரலா’ற்றிலிருந்து ஒரு பக்கமும் இந்தக் கரையின் சொந்த வரலாற்றிலிருந்து ஒரு பக்கமும் யாராவது சத்தமாக வாசிக்கலாம். 1586-இல் அந்த நூல் எதற்காக அச்சானதோ அதே வேலைக்கு. மறைமாவட்டமும் நகரின் கல்லூரித் தமிழ்த் துறைகளும் சேர்ந்தால், 1967 பதிப்பை இன்றைய எழுத்தில், குறிப்புகளோடு, ஒரு சாதாரணக் குடும்பம் வாங்கும் விலையில் மறுபதிப்புச் செய்வது கஷ்டமான காரியம் இல்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்துக்கும் இதில் பங்கு உண்டு.

அன்றிக் அடிகளார் இறந்தது புன்னைக்காயலில். உடலைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து பனிமய மாதா கோயிலில் அடக்கம் செய்தார்கள். திருவிழாவுக்கு வருகிற குடும்பங்கள் கோயிலுக்குள் கால் வைக்கும்போது, பக்கத்தில் நடந்துவரும் பிள்ளையிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கதையைத் தொடங்கலாம்.